சாக விடாத மெஷின்

என் கையில் நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி. எதிரே பீரோ உயரத்துக்கு ஒரு வீடியோ கேம் மெஷின். திரையில் பச்சைத் தோலும் ஏராளமான கால்களும் கொண்ட ஜந்துக்கள், கல்யாண வீட்டில் பந்தி திறந்ததும் பாயும் கூட்டம் போல, அலை அலையாக என்மீது பாய்ந்துகொண்டிருந்தன. எனக்குப் பின்னால் எங்கள் ஷூ கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் மனோகர் சார். அவர் பக்கத்தில், எங்கள் ஷூக்களை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் கம்பெனியைச் சோதிக்க வந்த ஆடிட்டர்.

நானோ, இதுவரை எந்த வேலையிலும் காட்டாத சிரத்தையோடு சாக முயன்றுகொண்டிருந்தேன்.

முடியவில்லை.

சுடுவதை நிறுத்திப் பார்த்தேன். ஜந்துக்கள் வந்து கடித்தன. திரை முழுக்க ரத்தச் சிவப்பு. மேலே இருந்த உயிர்க்கோடு சர்ரென்று இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், கடைசி இம்மியில் நின்று, மெதுவாக ஏற ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். மதியச் சங்கு ஊதுவதற்குள் நான் செத்தாக வேண்டும். நான் செத்தால்தான் ஆடிட்டர் அந்தப் பொழுதுபோக்கு அறையை விட்டு நகர்வார். நகர்ந்தால்தான் கட்டடத்தின் கடைசியில், ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற செக்ஷனுக்குப் போய்ச் சேருவார். அங்கே என் மனைவி செல்வி, அவரிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு, வாசலைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதிவிட்டால் ஆடிட்டருக்குப் பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு ஏசி ரூமில் மீட்டிங். மீட்டிங்குக்குப் பிறகு பெங்களூர் ரயில். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

கம்பெனி பூக்கும் காலம்

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஆம்பூர்க்காரர்கள் அவரவர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆடிட் வருகிறது என்பது எங்களுக்கு நோட்டீஸ் போர்டு பார்த்துத் தெரியாது. முந்தின நாள் ஒரு டெம்போ வரும். அதிலிருந்து பூந்தொட்டிகள் இறங்கும். கக்கூஸில் சோப்பு முளைக்கும். அந்தச் சோப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அற்பர்களும் எங்களில் உண்டு. நான் அப்படிப்பட்டவன் இல்லை. நான் எடுத்தது டிஷ்யூ பேப்பர்.

காலையில் ஆளுக்கு ஒரு மாஸ்க் கொடுப்பார்கள். சாயங்காலம் வாங்கி அதே கவரில் போட்டு வைப்பார்கள். குழந்தைகள் காப்பகத்துக்குக் குழந்தைகள் வேண்டுமே, பக்கத்துத் தெருவிலிருந்து பிஸ்கட் ஆசை காட்டிக் கூட்டி வருவார்கள். ஒரு வருஷம் வந்தவற்றில் ஒன்று, ஆடிட்டர் கையைப் பிடித்துக்கொண்டு ‘பிஸ்கட் எப்ப?’ என்று கேட்டு எல்லோரையும் வேர்க்க வைத்தது.

பிறகு, கேள்வி பதில் டியூஷன். சாப்பாட்டு நேரத்தில் மனோகர் சார் நடத்துவார். ‘எத்தனை மணி நேரம் வேலை?’ என்று கேட்டால் ‘எட்டு மணி நேரம் சார்.’ ‘ஏதாவது குறை இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்ல சார்.’ தையல் செக்ஷன் மங்கையர்க்கரசி அக்கா இதை உருப்போட்டு உருப்போட்டு, ஆடிட்டர் வந்து ‘உங்க பேர் என்னம்மா?’ என்று கேட்டதும் ‘எட்டு மணி நேரம் சார்’ என்று சொல்லிவிட்டார்.

போன முறை ஆடிட்டில், தொழிலாளர்களின் பொழுதுபோக்குக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. கேரம் போர்டைக் காட்டினார்கள். ஸ்ட்ரைக்கர் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. ‘யாராவது ஆடிக் காட்டுங்க’ என்றார் வந்தவர். கட்டிங் செக்ஷன் ஆள் ஒருவர் முன்வந்து, போர்டைத் திருப்பி வைத்து, முதுகுப் பக்கத்தில் காய்களை அடுக்கினார். ரிப்போர்ட்டில் ஒரு கரும்புள்ளி விழுந்தது.

அதனால் இந்த முறை மனோகர் சார் பெரிதாக யோசித்தார். சத்துவாச்சாரியில் ஏதோ ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் கேம் கடையை மூடிவிட்டார்களாம். அங்கிருந்த மெஷின் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்குப் பேசி, பூந்தொட்டிகளோடு சேர்த்து அதே டெம்போவில் இறக்கிவிட்டார். இரண்டு துப்பாக்கி. சிவப்புக்கு ஒயர் அறுந்து போயிருந்தது. நீலம் மட்டும் வேலை செய்தது.

கம்பெனியில் இதை ஆடத் தெரிந்தவன் யார்? எல்லோரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள்.

என் வீரப் பிரதாபம்

அதற்குக் காரணம் என் வாய்.

ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அந்தக் காலத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு தடுப்பு, ஒரு திரைச்சீலை, உள்ளே இரண்டு மெஷின். பீடிப் புகையும் வேர்வையும் சூடான ஒயரும் கலந்த ஒரு வாடை. டியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, என் தோஸ்துகள் அங்கேதான் போவார்கள். நானும் போவேன்.

‘அந்தக் கடையில எதிரிங்க வந்துனே இருப்பானுங்க, நான் சுட்டுனே இருப்பேன், கடைக்காரன் சோறு துன்ன வீட்டுக்குப் போய்ட்டு வருவான், நான் அப்பவும் உயிரோட இருப்பேன்’ என்று பல வருஷமாகக் கேன்டீனில் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் நான் ஆடியதே இல்லை என்று சொல்லலாம். ஆடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று ‘லெஃப்ட்ல பார்ரா, லெஃப்ட்ல’ என்று கத்துவதுதான் என் பொறுப்பு. காசு கொடுத்து ஆடிய ஒன்றிரண்டு தடவையும், கைப்பிடியைச் சரியாகப் பிடிப்பதற்குள் செத்துப் போனேன்.

பைக் ஓட்டக் கற்றுக்கொண்டு கோழிக் கூண்டுக்குள் போன கதையைச் சென்ற வாரம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்த குடியாத்தம் வாசகர் ஒருவர், ‘உங்களுக்கு வெட்கமே கிடையாதா?’ என்று கேட்டிருக்கிறார். கிடையாது ஐயா. அது இருந்தால் இந்தத் தொடர் முதல் வாரமே முடிந்திருக்கும்.

ஊர்க்காரன் மூக்கு

இப்போது செல்வியின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரயிலில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் தோல் வாடைக்குக் கைக்குட்டையைத் தேடுவார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் ஒரு பெருமைகூட உண்டு. வெளியூரிலிருந்து மருமகள் வந்தால், ‘இன்னும் வாடை வருதா?’ என்று கேட்பார்கள். ‘இல்ல’ என்று அவள் சொன்ன நாளில் அவள் ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று கணக்கு.

செல்வி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. ஒட்டும் செக்ஷனுக்கு வந்த புதிதில், வீட்டுக்கு வந்தும் புடவையிலிருந்து சொல்யூஷன் வாடை போகவில்லை என்று இரண்டு தடவை குளிப்பாள். சொல்யூஷன் என்றால் ஷூ ஒட்டுகிற பசை. மூடியைத் திறந்தாலே நெற்றிக்குள் குத்தும்.

பிறகு ஒரு நாள், ‘ஏங்க, எனக்கு இப்ப ஒண்ணும் வாடையே தெரியல’ என்றாள்.

‘சபாஷ். இப்பதான் நீ முழு ஆம்பூர்க்காரி’ என்றேன் நான். கை கொடுத்து வாழ்த்துகூடச் சொன்னேன். வேறு எந்த ஊரிலாவது இதைக் கேட்ட புருஷன் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பான்.

கொஞ்ச நாளில் காலை வேளைகளில் பாத்திரத்தை என் மூக்குக்கு நேராக நீட்ட ஆரம்பித்தாள். ‘நேத்து கொழம்பு. கெட்டுப்போச்சா பாருங்க.’ நான் முகர்ந்து தீர்ப்பு சொல்வேன். ‘வீட்ல எனக்கும் ஒரு குவாலிட்டி செக்கர் வேலை’ என்று எல்லோரிடமும் ஜோக் அடித்தேன். கம்பெனியில் என் வேலையும் அதுதான், தோலில் கீறல் பார்ப்பது. எவனுடைய மாட்டுத் தோலிலோ இருக்கிற ஊசிமுனைக் கீறல் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்படியிலேயே கேஸ் வாடை மூக்கில் ஏறியது. அடுப்படியில் செல்வி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் குச்சி. பக்கத்தில் எங்கள் பெண் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சளி, மூக்கடைப்பு.

நான் கத்திய கத்தலில் செல்வி குச்சியைக் கீழே போட்டாள். எரியாத குச்சி.

மறுநாள் வேலூரில் ஒரு டாக்டரம்மா கேட்டார். ‘வேலை செய்யிற இடத்துல காத்தை வெளிய தள்ற ஃபேன் இருக்கா?’

இருந்தது. இருந்ததுதான் கதை. அந்த ஃபேனின் குழாய் வெளியே போகும் இடத்தில் புதிதாக ஆபீஸ் கட்டடம் எழும்பிவிட்டது. வாடை ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறது என்று, குழாயின் வாயில் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பதையே உள்ளே கலக்கிக் கொடுக்கும்.

மனோகர் சாரிடம் செக்ஷன் பெண்கள் போய்ச் சொன்னபோதெல்லாம், ‘ஃபேன் ஓடுதா இல்லையா? ஓடுதுல்ல?’ என்பார். ஓடுகிறது. உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கிற யாருக்கும் அது நல்ல ஃபேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் பலகை தெரியும்.

ஆடிட்டரைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டிவிட வேண்டும். செக்ஷன் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பேசுவது செல்வி.

சீக்கிரம் செத்துடுங்க

ஆடிட் அன்று காலை கம்பெனி பஸ்ஸில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் ஒரு டியூஷன், அவளே வாத்தியார்.

‘இன்னா, எல்லாம் ஞாபகம் இருக்கா?’ என்றேன்.

‘நாலே விஷயம். ஃபேனு, பலகை, மூக்கு, கேஸு. அவரு நம்ம செக்ஷனுக்கு வந்தா போதும்.’

‘வருவாரு.’

‘போன வாட்டி கேன்டீன்ல டீ குடுத்து, கேரம் போர்டு காட்டி, டைமை ஓட்டினாங்க. சங்கு ஊதிடுச்சு. இந்த வாட்டி உங்கள வெச்சில்ல ஓட்டப் போறாங்க?’

‘நான் இன்னா பண்ணணும் சொல்லு.’

‘சீக்கிரம் செத்துடுங்க.’

முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ‘குடும்ப விஷயம்’ என்றேன்.

சாவது எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு கலையில் நான் சிறு வயதிலிருந்தே கெட்டிக்காரன்.

அலைகள்

ஆடிட்டர் வந்தார். தோளில் பை மாட்டிய இளைஞர். பெங்களூர்க்காரர், தமிழ் பேசுவார். நல்ல மனிதர் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பொழுதுபோக்கு அறைக்குள் நுழைந்தவர் மெஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

‘அய்யோ, இது நான் ஸ்கூல் படிக்கிறப்போ ஆடின கேம்! இன்னும் இருக்கா?’

மனோகர் சாரின் முகம் பூந்தொட்டியாயிற்று. ‘நம்ம ஒர்க்கர்ஸ் தினமும் ஆடுறாங்க சார். இன்பராஜ், ஆடிக் காட்டு.’

இன்பராஜ் நான்தான். துப்பாக்கியைத் தூக்கினேன்.

முதல் அலை. வேண்டுமென்றே குறியைத் தவறவிட்டேன். கடித்தன. சாகவில்லை. இரண்டாவது அலை. கையைத் தொங்கவிட்டேன். சாகவில்லை. மூன்றாவது அலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சுட்டேன்.

‘பாக்காமலே சுடுறாரு!’ என்றார் ஆடிட்டர்.

‘நல்ல பழக்கம் சார்’ என்றார் மனோகர் சார்.

கேவலம், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஒருவேளை எனக்கு நிஜமாகவே திறமை இருந்து, இத்தனை வருஷம் ஒளிந்திருந்து, தப்பான நாள் பார்த்து வெளியே வந்துவிட்டதோ? ஏழாவது அலையில் முதுகைச் சொறிந்தேன். எட்டில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தேன். சாவு என்னை அண்டவே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. நான் ஆடுவதால்தானே அவர் பார்க்கிறார்? அவர் கையிலேயே கொடுத்துவிட்டால்? பழக்கம் விட்டுப்போன ஆள். ஒரு நிமிஷம் தாங்க மாட்டார். செத்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

‘எனக்குக் கை வலிக்குது சார். நீங்க ஆடுங்களேன்.’

‘நானா? சேச்சே, டியூட்டியில இருக்கேன் அண்ணா’ என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். முதுகுப் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

அவரும் சாகவில்லை.

‘அண்ணா, அந்தக் காலத்துல நான் மூணாவது அலை தாண்டினதே இல்ல! இப்ப பாருங்க!’ அவர் கண்கள் பளபளத்தன. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பத்தாவது அலை. பதினோராவது அலை. அந்த மனிதரை அவ்வளவு சந்தோஷமாக அவர் வீட்டில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூலையில் நின்றிருந்த எங்கள் எலெக்ட்ரீஷியன் ரஃபீக் பாயின் பக்கம் நகர்ந்தேன். ‘இன்னா பாய் இது, எவனுமே சாவ மாட்டேன்றான்?’

ரஃபீக் பாய் உதட்டை அசைக்காமல் சொன்னார். ‘செத்தா ஸ்கிரீன்ல காசு போடுன்னு வரும் இன்பா. ஆடிட்டரு பாத்தா, ஒர்க்கருங்க கிட்ட காசு வாங்கிதான் ஆட வெக்கிறீங்களான்னு கேப்பாரு. சாரு நேத்தே சொல்லிட்டாரு, சாவாத மாதிரி செட்டிங் வெய்யின்னு. வெச்சிட்டேன்.’

‘எடுத்து வுட்டுடு பாய்.’

‘பின்னால தொறக்கணும். அவரு எதிர்ல எப்படித் தொறக்கிறது?’

‘பிளக்கையாவது புடுங்கு.’

‘என் வேலைய ஏன்பா புடுங்கச் சொல்ற? வேணும்னா நீ புடுங்கு.’

பிளக் என் காலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கால் என்னைவிடப் புத்திசாலி. வேலை போய்விடும் என்று அதற்குத் தெரியும். அது அசையவில்லை. திரையில் ஜந்துக்கள் வந்தன, விழுந்தன, விழுந்த இடத்தில் வேறு ஜந்துக்கள் வந்தன.

சங்கு ஊதியது.

ஒரு நிமிஷம் அக்கா

‘சார், பிரியாணி ஆறிடும்’ என்றார் மனோகர் சார்.

‘ஒரு நிமிஷம் சார். பதினெட்டாவது அலை.’

இப்போது மனோகர் சாரே மாட்டிக்கொண்டார். சாகாத ஆளை எப்படிச் சாப்பிட அழைப்பது? ரஃபீக் பாயைப் பார்த்தார். ரஃபீக் பாய் கூரையைப் பார்த்தார்.

கேன்டீனுக்குப் போகிற கூட்டம் வராந்தாவில் சலசலத்தது. பொழுதுபோக்கு அறை கேன்டீனுக்குப் பக்கத்தில்தான். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி பிரிந்து உள்ளே வந்தாள். செல்வி. காலையில் கொடுத்த வெள்ளை மாஸ்க், விரல் நுனிகளில் காய்ந்த சொல்யூஷன். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஆடிட்டருக்குப் பின்னால் போய் நின்றாள்.

‘சார்.’

‘ஒரு நிமிஷம் அக்கா’ என்றார் அவர், திரும்பாமல்.

‘அம்மா, சாப்பாட்டு நேரம். அப்புறம் பேசலாம்’ என்றார் மனோகர் சார். அவர் கை மெஷினின் சத்தத்தைக் கூட்டுகிற குமிழைத் திருகியது. அறை அதிர்ந்தது.

செல்வி மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். ஆரம்பித்துவிட்டாள்.

‘சார், என் பேரு செல்வி. ஒட்டுற செக்ஷன். எங்க ஃபேனு சும்மா சுத்துது சார், காத்து வெளிய போவல…’

டம், டம், டம்.

‘…பின்னால குழாய்ல பலகை வெச்சி அடிச்சிருக்காங்க. நீங்க வந்து பாக்கணும்…’

‘ஆங்… ஆங்… சொல்லுங்க அக்கா’ என்றார் ஆடிட்டர். இடது பக்கத்திலிருந்து பெரியதாக ஒன்று வந்தது. அதைச் சுட்டார்.

‘…எங்க செக்ஷன்ல பாதி பேருக்கு மூக்கு போயிடுச்சு சார். எனக்கு சுத்தமா தெரியல…’

மனப்பாடம் செய்ததை ஒரு சொல் விடாமல் அந்த முதுகிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. முதுகு துப்பாக்கியின் அதிர்வுக்கு ஏற்றபடி குலுங்கிக்கொண்டிருந்தது.

என் கால் அப்போதுதான் நகர்ந்தது. பிளக்கை ஒரு உதை விட்டேன்.

திரை கறுத்தது. சத்தம் அறுந்தது. அந்த அமைதியில் செல்வியின் நாலாவது விஷயம் மட்டும் வராந்தா வரைக்கும் கேட்டது.

‘…வூட்ல கேஸ் லீக்கானது எனக்குத் தெரியல சார். பக்கத்துல பொண்ண வெச்சிக்கினு நெருப்புக் குச்சி கிழிக்கப் போய்ட்டேன்.’

வராந்தாவில் நடந்தவர்கள் நின்றார்கள். ஆடிட்டர் திரும்பினார். முகம் சிவந்து, மூச்சு வாங்க, துப்பாக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

‘அப்படியா அக்கா? அடடா. நோட் பண்ணிக்கிறேன்’ என்றார். பிறகு ரஃபீக் பாயிடம், ‘கரண்ட் எப்ப வரும்? ஸ்கோர் அப்படியே இருக்குமா?’

தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. மனோகர் சார் அதைப் பார்த்தார். அப்புறம் ஒயரைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார்.

பிறகு

பிரியாணி சாப்பிட்ட பிறகு, ரயிலுக்குக் கிளம்புகிற வழியில், ஆடிட்டர் ஒட்டும் செக்ஷன் வாசலில் ஒரு கணம் நின்றாராம். சொன்ன சொல்லை மறக்காத மனிதர். மனோகர் சார் மேலே கை காட்டினார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, செல்வியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பின்பக்கம் போகவில்லை. வெயில்.

சாயங்காலம் மாஸ்க்குகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் டெம்போ வந்து பூந்தொட்டிகளையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. பொழுதுபோக்கு வசதிக்காக ரிப்போர்ட்டில் தனியாகப் பாராட்டு வந்ததாம். நோட்டீஸ் போர்டில், நீலத் துப்பாக்கியோடு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தை ஒட்டினார்கள். கீழே ‘மகிழ்ச்சியான தொழிலாளி’ என்று எழுதியிருந்தது. மகிழ்ச்சியான தொழிலாளியை அடுத்த வாரமே ஈரத்தோல் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து நானே கழன்றுகொண்டேன். இப்போது வேறொரு கம்பெனியில் கீறல் பார்க்கிறேன்.

செல்வியை யாரும் திட்டவில்லை. மனோகர் சார் கூப்பிட்டு, ‘உடம்பு முடியலேன்னு சொன்னீங்களே, நூல் வெட்டுற செக்ஷனுக்குப் போயிடுங்கம்மா. அங்க வாடை கிடையாது’ என்று மரியாதையாகவே சொன்னார். அவள் மூக்கு இருந்த நிலையில் எந்தச் செக்ஷனிலும் வாடை கிடையாது என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ‘பலகை அப்படியே இருக்குங்க’ என்றாள்.

அவளுடைய நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இல்லை. திமிரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணை அதில் உட்கார வைத்தார்கள். பேர் பவித்ரா. பிளஸ் டூ முடித்தவள். வேலையைக் காட்டிக் கொடுக்கச் செல்வியைத்தான் அனுப்பினார்கள். பவித்ரா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, பிரஷ்ஷைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

‘அக்கா, தல சுத்துது. இந்த வாடை போகப் போகப் பழகிடுமா?’

செல்வி அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக் கீழே வைத்தாளாம். பிறகு சொன்னாளாம். ‘குத்துற வரைக்கும் நல்லதுன்னு வெச்சிக்கோ. ஒண்ணும் தெரியாம போற அன்னிக்கு என்கிட்ட வந்து சொல்லு.’

போன வாரம் பவித்ரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், வாசலிலேயே நின்று செல்வியிடம் அதைச் சொன்னாள்.